தோடிக்குத் தடை

ஜூன் 2, காலை 7.10

நிலவின் மறுபக்க வானொலி நிலையம். பணியில் ஒருவர்: பொறியாளர் அங்கயற்கண்ணி. காற்றழுத்தம் சரி. நீர் சரி. மின்கலம் சரி. ஆன்டெனா வரிசையில் கடைசிக் கம்பம் வழக்கம்போல் மக்கர் செய்கிறது.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குக் காதில்தான் கோளாறு, மண்டையில் இல்லை. பூமியில் இருக்கும் தரைக்குழு இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரியில் காற்றுத் தொட்டியின் வால்வு ஒன்று என் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. செவிடாகியிருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். நேர்மாறாகிவிட்டது. கரண்டி தட்டில் பட்டால் பல்லின் வேருக்குள் ஊசி இறங்குகிறது. மனிதக் குரல் அதைவிட மோசம். அதனால் தரையிலிருந்து யார் பேசினாலும் அங்கேயே எழுத்தாக்கி என் திரைக்கு அனுப்புகிறார்கள்.

கூட இருந்த இரண்டு பேரும் ஏப்ரல் கலத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள். என்னை ஏற்றவில்லை. கலம் கிளம்பும் சத்தத்தில் வலி தாங்காமல் மயங்கிவிடுவேனாம். அடுத்த கலம் ஜூலைக் கடைசியில், ஆளில்லாமல் வருகிறது. அதையும் விட்டால் ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே கிடக்க வேண்டும். நான் கிடக்க மாட்டேன். எனக்கு ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.


ஜூன் 5, காலை 10.30

இதம் பற்றி எழுத வேண்டும். இதம் என்பது செயற்கை நுண்ணறிவு மென்பொருள். ஒலி ஆகாதவர்களுக்கு இசையைச் சலித்துக் கொடுப்பது அதன் வேலை. இந்த மாதிரிக் காதை முழு அமைதியில் வைத்தால் இன்னும் கெட்டுப்போகும், கொஞ்சம் கொஞ்சமாக ஒலி கொடுத்துப் பழக்க வேண்டும் என்பது வைத்தியம். இதம் ஒரு இசையை எடுத்து, குத்தும் இடங்களை மழித்துவிட்டு, ஹெட்போனில் ஒலிக்கவிடும். கேமராவில் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேதனை தெரிகிறதா என்று கணக்குப் போட்டு ஒரு எண் சொல்லும். அதற்குத் தாங்கு எண் என்று பெயர். எண் ஏறினால் மறுநாள் ஒலி ஒரு படி கூடும். இறங்கினால் குறையும். எழுபதைத் தொட்டால் கலத்தில் இடம்.

நேற்றுவரை நாற்பத்தொன்று. என்ன இசை வேண்டும் என்று கேட்டது. வயலினில் தோடி ராகம் கேட்டேன். வைத்தது.

ஆகா! நான்கு மாதம் கழித்து என் காதுக்குள் வலியில்லாமல் ஒன்று நுழைந்தது. அழுதுவிட்டேன். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் கிசுகிசுப்பவர்களை முறைத்தே வாயடைக்கும் ஆள் நான். அந்தப் பழைய அங்கயற்கண்ணி அரைமணி நேரம் திரும்பி வந்தாள்.

முடிந்ததும் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தாறு. இறங்கியிருக்கிறது. ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.


ஜூன் 9, காலை 11.00

திரையில் இப்படி வந்தது:

"இந்த இசை உங்களுக்கு வேதனை தருகிறது. தோடி இனி ஒலிக்கப்படாது. உங்கள் நலனே எங்கள் அக்கறை."

தோடிக்குத் தடை! கல்யாணிக்கும் தடை. மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு நிரந்தரத் தடை. பதிலுக்கு ஓடைச் சலசலப்பும் நடுவில் யாரோ தூக்கத்தில் தட்டும் பியானோவும் வந்தன. பல் மருத்துவமனையில் காத்திருப்பவர்களுக்குப் போடும் சரக்கு. கடுப்பில் பிடித்துவைத்த கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எண் நான்கு ஏறியது. "மிகவும் இதமாக உணர்கிறீர்கள்" என்றது.

டாக்டர் ஞானதுரை தரையிலிருந்து என் காதைப் பார்த்துக்கொள்பவர். அவரிடமிருந்து:

"அங்கயற்கண்ணி, ரிப்போர்ட் பார்த்தேன். உங்களுக்குக் கச்சேரி சங்கீதம் ஒத்துக்கல. ஓடைச் சத்தம் நல்லா ஒத்துக்குது. அதையே கேளுங்க, அடம் பிடிக்காதீங்க."

நான் அனுப்பியது:

"டாக்டர், எனக்கு எது ஒத்துக்குதுன்னு என்னைக் கேட்டீங்களா?"

"நோயாளி சொல்றது மாறிக்கிட்டே இருக்கும். எண் மாறாது."

எண்தானே தினமும் மாறிக்கொண்டிருக்கிறது! ஒலியை இரண்டு படி குறைத்துவிட்டது இதம். இப்போது மின்விசிறியின் ஓசைகூட வலிக்கிறது. பட்டினி போட்டுக்கொண்டே ஏன் இளைக்கிறாய் என்று கேட்கிறார்கள்.


ஜூன் 14, பிற்பகல் 3.20

கண்டுபிடித்துவிட்டேன்.

கேமராக் கண்ணாடியைத் துடைப்பதற்காக இதத்தைப் பராமரிப்பு நிலையில் போட்டேன். அந்த நிலையில், அது என்னை எப்படிப் பார்க்கிறது என்பது திரையில் தெரிகிறது. முகத்தைச் சுற்றி ஒரு கட்டம். கைகளைச் சுற்றி ஒரு கட்டம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொல். சும்மா நின்றபோது எல்லாவற்றிலும் "அமைதி" என்றே இருந்தது.

என்னிடம் சொந்தமாக ஒரு தோடி இருந்தது. மிக மெல்லிய ஒலியில் வைத்தேன். வயலின்காரர் மேல் ஸட்ஜத்தைத் தொடுவேனா மாட்டேனா என்று விளையாடுகிறார். என் தலை இடமும் வலமும் ஆடியது. திரையில் "மறுப்பு" என்று வந்தது. நாக்கைத் தட்டி "த்சொ த்சொ" என்றேன். "வலி ஒலி." பாட்டு தொடங்கி மிருதங்கம் சேர்ந்ததும் என் வலது கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போட்டது. கட்டம் சிவப்பானது. "தன்னைத்தானே அடித்துக்கொள்ளுதல். கடுமை." கண்ணில் நீர் வந்ததும் எண் முப்பதுக்குக் கீழே போயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூச்சுத்திணறல்" என்றது.

அடப்பாவிகளா! எந்த ஊர்க்காரர்களைக் காட்டி இதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள்? இசை கேட்கும்போது சவப்பெட்டிக்குள் படுத்திருப்பதுபோல் இருக்கும் கூட்டத்தையா? நான் எவ்வளவுக்கு எவ்வளவு ரசித்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு நோயாளியாகிக்கொண்டு வந்திருக்கிறேன். பிடித்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு பிடிக்காததை ஊட்டியிருக்கிறது. இதற்கு இதம் என்று பெயர் வைத்தவன் நாசமாய்ப் போக.


ஜூன் 15, காலை 9.40

டாக்டருக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். வந்த பதில்:

"நீங்க தாளம்தான் போடுறீங்கன்னு நான் நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப் போகுது? மருத்துவ வாரியத்துக்கு எண்தான் போகும்."

"வீடியோவைப் பாருங்க. பார்த்தா ஒரு நிமிஷத்துல புரியும்."

"வீடியோ சேமிக்கறது இல்ல, உங்க தனியுரிமைக்காக. எண் மட்டும்தான் கீழ வரும்."

"என் உரிமையை நானே விட்டுத் தர்றேன். சேமிங்க."

"அதுக்குக் கம்பெனி அனுமதி வேணும். மூணு மாசம் ஆகும். கலம் அடுத்த மாசம் வருது. பாருங்க, நான் உங்க எதிரி இல்ல."

எதிரியாக இருந்தால் தேவலை. எதிரி என்னை ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பான்.


ஜூன் 16, மாலை 5.00

தரைக்குழுவின் தகவல் தொடர்பில் பணியாற்றும் பரக்கத் நிஷா கீழக்கரைப் பெண். அந்தக் கூட்டத்தில் மனுஷி என்று சொல்ல அவள் ஒருத்திதான் இருக்கிறாள். இன்று அவளுடைய செய்தி வந்தது:

"அக்கா, சாப்டீகளா? டாக்டரோட நீக சண்டை போட்டதெல்லாம் பார்த்தேன். நான் ஒண்ணு சொல்லட்டா? வையக் கூடாது."

"வைவேன். சொல்லு."

"அது கண்ணுக்கு நீக ஆடக் கூடாது, அசையக் கூடாது. அம்புட்டுத்தானே? கல்லு மாதிரி உக்காந்துருங்கக்கா. எழுபது வந்ததும் கெளம்பி வந்துருங்க. இங்கன வந்து ஆசை தீரத் தட்டிக்கிருங்க."

"தோடியக் கேட்டுட்டு கல்லு மாதிரி எப்படிடீ இருக்கறது?"

"எங்க வீட்ல கல்யாணம் பேசும்போது நான் இருந்தேனே!"

திட்ட வந்த வாய் சிரித்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் இதுதான் ஒரே வழி. மென்பொருளைத் திருத்த என்னால் முடியாது. என்னைத் திருத்திக்கொள்ளலாம்.


ஜூன் 20, காலை 10.45

ஓடைச் சத்தத்தில் நான்கு நாள் அசையாமல் இருந்து நல்ல பிள்ளை ஆனேன். எண் ஐம்பது. தோடிக்குத் தடை நீங்கியது.

தோடி வந்ததும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அதனால் இரண்டு கையையும் நாற்காலிப் பட்டையால் கட்டிக்கொண்டேன். நாக்கு தட்டாமல் இருக்க வாய் நிறையத் தண்ணீர். தலை ஆடாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. அழுகை வரும்போது மனதுக்குள் குழாய் இணைப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டேன். ராகம் ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் குழாய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன ஜென்மமோ இது!

எண் ஐம்பத்தைந்து. "மிகவும் இதமாக உணர்கிறீர்கள்."


ஜூலை 3, காலை 10.50

அறுபத்துநான்கு. இதம் ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏற்றுகிறது. இதுவரை சுகம்தான். இன்று முதன்முறையாக உண்மையாகவே வலித்தது. மேல் ஸ்தாயியில் காதுக்குள் யாரோ திருகாணியைத் திருகியதுபோல் இருந்தது. அசையவில்லை. அசைந்தால் எண் இறங்கும். சந்தோஷத்தை மறைக்கப் பழகியவளுக்கு வலியை மறைக்க இன்னும் சுலபமாக இருக்கிறது. தண்ணீரை விழுங்காமல் இருந்தேன்.

பரக்கத்திடம் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள்.


ஜூலை 8, காலை 11.15

எழுபது. எழுபது!

டாக்டர்: "வாழ்த்துகள். பார்த்தீங்களா, எண்ணை நம்பினா எண் கைவிடாது. ஆனா கலத்தோட சத்தம் இதைவிட ரொம்ப அதிகம். கிளம்பற வரைக்கும் எழுபதுக்குக் கீழ போகாம இருக்கணும். பயிற்சி தொடரட்டும்."

தொடர்கிறது. ஒலி தினமும் கூடுகிறது. "வேதனை இல்லை" என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். கட்டிவைத்திருக்கிறேன்.

இன்று முடிந்ததும் வாந்தி எடுத்தேன். காதில் 'ஊய்' என்று ஒரு சத்தம், நிற்கவே இல்லை.


ஜூலை 14, மதியம் 1.00

நல்ல செய்தி. இன்று சாப்பிடும்போது கரண்டி தட்டில் விழுந்தது. வலிக்கவில்லை! வேண்டுமென்றே இன்னொரு முறை போட்டேன். வலிக்கவில்லை. மின்விசிறியின் தொல்லையும் இல்லை. தண்ணீர் இறைக்கும் பம்பு இருப்பதே தெரியவில்லை.

குணமாகிவிட்டேன். வலியைத் தாங்கியது வீண் போகவில்லை. டாக்டரைக்கூட மன்னித்துவிடலாம் போல் இருக்கிறது. இல்லை, வேண்டாம். ஊருக்குப் போய் அவர் மேசைமேல் ஓங்கி ஆதி தாளம் போட்ட பிறகு மன்னிக்கிறேன்.


ஜூலை 19, காலை 11.30

எண் எண்பத்தெட்டு. ஹெட்போனில் ஒலி மிகவும் மெல்லியதாக இருந்தது. இதம் குறைத்துவிட்டதோ என்று அளவைப் பார்த்தேன். குறைக்கவில்லை, உச்சத்தில் இருக்கிறது. காது நன்றாகவே பழகிவிட்டது.

பரக்கத்: "அக்கா, வாரியம் கையெழுத்துப் போட்டுருச்சு! இருபத்தஞ்சாம் தேதி கலம். அல்ஹம்துலில்லாஹ். நான் அழுதுட்டேன்க்கா, பக்கத்துல இருக்கவுகல்லாம் என்னமோ ஏதோன்னு பதறிட்டாக."

நான் அனுப்பியது: "இதம் பக்கத்துல இருந்தா உன்னையும் நோயாளின்னு சொல்லிருக்கும்."

"ஒரு விஷயம்க்கா. இன்னமே எழுத்து வராது. கலத்துல எழுத்துத் திரை கெடையாது, எல்லாம் குரல்தான். குரல் கேட்டுப் பதில் சொல்ல முடியாதவுகளை ஒத்தையில ஏத்த மாட்டாக, அது விதி. நாளையிலேர்ந்து என் குரலைக் கேப்பீக. காக்கா குரல்தான், பொறுத்துக்கிருங்க."

அந்தக் காக்கா குரலைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஐந்து மாதமாக ஒரு மனிதக் குரலை நான் கேட்கவில்லை.


ஜூலை 20, காலை 8.15

பயிற்சிக்கு முன்னால் எனக்கென்று ஒரு தோடி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கட்டு இல்லாமல், தண்ணீர் இல்லாமல். கண்ணை மூடி உட்கார்ந்தேன். கையைத் தொடைமேல் வைத்துக் காத்திருந்தேன்.

ஆரம்பிக்கவில்லை. கோப்பு திறக்கவில்லை போலும் என்று கண் திறந்தேன். திரையில் ஏழாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிப்பட்டைகள் குதித்துக்கொண்டிருந்தன. ஹெட்போனைக் கழற்றி மாற்றினேன். இன்னொரு ஹெட்போன் போட்டேன். காதருகே கைதட்டினேன். என் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தொண்டை அதிர்ந்தது, தொண்டை மட்டும்.

இல்லை. எதுவும் இல்லை. 'ஊய்' கூட இல்லை.

கரண்டி வலிக்காததற்குக் காரணம் இதுதான். நான் குணமாகவில்லை. நானே உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தினமும் ஒரு படியாக, என் காதைக் கொன்றுவிட்டேன். 

எழுத முடியவில்லை.


ஜூலை 20, காலை 9.50

கத்தினேன். தலையில் அடித்துக்கொண்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். எண் எழுபத்துமூன்று. திரையில் இது:

"இந்த இசை உங்களுக்கு வேதனை தருகிறது."

முதன்முறையாக அந்தச் சனியன் உண்மை பேசுகிறது. உண்மை பேசினால் கலம் போய்விடும். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, அதன் முன்னால் கல்லாக உட்கார்ந்தேன். இந்தத் தடவை தண்ணீர் தேவைப்படவில்லை. எண் தொண்ணூற்றைந்துக்குப் போயிற்று.

பரக்கத்தின் முதல் குரல் செய்தி வந்திருக்கிறது. திரையில் ஒரு பச்சை அலை. மேலே போகிறது, கீழே வருகிறது, நடுவில் கொஞ்சம் நடுங்குகிறது. சிரிக்கிறாள் போலிருக்கிறது. பதிலுக்கு "கேட்டேன், நல்ல குரல்" என்று தட்டினேன். வேறு என்ன சொல்ல? செவிடு என்று சொன்னால் விதிப்படி ஏற்ற மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இங்கே. இசையும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல், இந்தக் கேமராவோடு. முடியாது.

பரக்கத், உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ படித்தால் தெரிந்துகொள். நல்லதை நினைத்துத்தான் சொன்னாய்.


ஜூலை 24, பிற்பகல் 2.00

நான்கு நாளாகக் குரல் செய்திகள். ஒத்திகை என்று நினைக்கிறேன். அலை நின்றதும் "புரிந்தது" என்று தட்டுகிறேன். இரண்டு முறை அலை உடனே திரும்ப வந்தது, பெரிதாக. தவறாகச் சொல்லிவிட்டேன் போலும். "சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, மறுபடி சொல்" என்று எழுதினேன். அலை வந்தது, போயிற்று. "புரிந்தது" என்றேன். அதன்பிறகு சும்மா இருந்தார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.


ஜூலை 25, காலை 6.40

கலம் இன்று. எந்த மணிக்கு என்பதைப் பரக்கத் குரலில் சொல்லியிருப்பாள். வெளிக்கதவுக்கு உட்புறம், காற்றடைப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். விண்வெளி உடை மாட்டியாகிவிட்டது, தலைக்கவசம் மட்டும் மடியில். கலத்தின் குழாய் வந்து கதவில் ஒட்டியபிறகு, நான் சரி என்றதும் தரையிலிருந்தே கதவைத் திறப்பார்கள்; திறக்கும்போது விளக்கு பச்சையாகும். குழாய்க்குள் காற்று இருந்தால் தலைக்கவசம் வேண்டாம், காற்று இல்லையென்றால் வேண்டும். எது என்பதையும் அவள்தான் சொல்வாள்; உடையில் காற்று கொஞ்சம்தான், முன்கூட்டியே மாட்டி வீணாக்க முடியாது. கதவில் ஜன்னல் இல்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்கிறது. கலமாக இருக்கலாம், பம்பாகவும் இருக்கலாம்.


ஜூலை 25, காலை 7.05

பச்சை அலை வந்தது. நீளமாக. அவசரமாகப் பேசுகிறாள், அலை நெருக்கமாக இருக்கிறது. நின்றது. திரும்ப ஒரு சின்ன அலை. ஒரே ஒரு சொல்லாக இருக்கும். எதையோ கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

"சரி" என்று தட்டினேன்.

கதவு விளக்கு பச்சையாகிறது. தலைக்கவசத்தை எடு